சிங்கப்பூர்ப் பள்ளியில் நம் பிள்ளை ஒதுங்கிப் போய்விடுமா?

கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வரப்போகிறீர்கள். சி.பி.எஸ்.இ. பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடிக்கும் மகளை இங்கே அரசாங்கப் பள்ளியில் சேர்ப்பதா, இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் விளக்கி எழுதியதைப் படித்தால், உங்களை உறுத்துவது வேறு இரண்டு விஷயம் என்று தெரிகிறது. சீனப் பிள்ளைகளே நிறைந்த வகுப்பில் மகள் ஒதுங்கிப் போய்விடுவாளோ என்பது ஒன்று. ஹிந்தியை இரண்டாம் மொழியாக எடுத்ததால் தமிழை இப்போதே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், இங்கே வந்தால் இருக்கிற தமிழும் போய்விடுமோ என்பது இன்னொன்று. முதலில் இந்த இரண்டையும் பேசிவிடலாம். எந்தப் பள்ளி என்பது அதிலேயே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நான் இங்கே முதலில் தொடக்கப்பள்ளியிலும் பிறகு உயர்நிலைப்பள்ளியிலும் தமிழாசிரியையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள். தமிழ்நாட்டிலிருந்து நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் நான் வேலை பார்த்ததில்லை. அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெற்றோர் சொல்லக் கேட்டதுதான், அதனால் அந்தப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்வேன். என் பதில் இது: உங்கள் முதல் பயத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. இரண்டாவது பயம் நீங்கள் நினைப்பதைவிட நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் சீனப் பிள்ளைகள் அல்ல.

முதல் பயத்திலிருந்து தொடங்குகிறேன். 2020 கணக்கெடுப்புப்படி இங்குள்ள குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர்கள் ஏறக்குறைய 74 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. அதன்படி பார்த்தால் 40 பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு இந்தியப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிலும் எல்லோரும் தமிழர்கள் அல்லர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி என்று கலந்திருப்பார்கள். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கலப்பு தானாக நடந்தது இல்லை, திட்டம் போட்டுச் செய்தது. மக்களில் பெரும்பாலோர் குடியிருக்கும், அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில், ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று 1989 முதல் ஒரு வரம்பு உண்டு. தொடக்கநிலை 1 எனப்படும் முதல் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கிறார்கள். அதனால் குடியிருப்பில் இருக்கும் கலப்பு அப்படியே பள்ளிக்குள்ளும் வந்துவிடுகிறது. 1964இல் இங்கே சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தை மறக்காத நாடு இது. பிள்ளைகள் தனித்தனியாக வளர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் பள்ளி நிர்வாகத்தின் ஒவ்வொரு சிறு முடிவிலும் இருக்கிறது. யார் யார் பக்கத்தில் உட்கார வேண்டும், குழு வேலைக்கு யாரை யாரோடு சேர்ப்பது என்பதையெல்லாம் வகுப்பாசிரியர்கள் யோசித்துத்தான் செய்வார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் தெளிவாகும். காலை ஏழரை வாக்கில் கொடியேற்றம். தேசிய கீதம் மலாய் மொழியில், ‘மஜூலா சிங்கப்பூரா’. அடுத்து உறுதிமொழி. இனம், மொழி, மதம் என்ற வேறுபாடு பாராமல் ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்று சொல்லும் அந்த உறுதிமொழியை 1966இல் வரைந்தவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், இந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். வெளிநாட்டுப் பிள்ளைகள் உறுதிமொழி சொல்ல வேண்டியதில்லை, மரியாதையாக நேராக நின்றால் போதும். அப்புறம் ஆங்கிலம், கணிதம், மூன்றாம் நிலையிலிருந்து அறிவியல், எல்லாமே ஆங்கிலத்தில். இதற்கிடையே தாய்மொழி வகுப்பு வரும். அந்த நேரத்தில் ஒரே நிலையிலுள்ள எல்லா வகுப்புகளும் ஒருசேரக் கலையும். சீனப் பிள்ளைகள் ஒரு பக்கம், மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், நம் பிள்ளைகள் புத்தகப் பையோடு தமிழ் வகுப்பறைக்கு. மணி அடித்ததும் மறுபடி பழைய இடத்துக்கு வந்து கலந்துவிடுவார்கள்.

இந்தக் கலைதலும் கூடுதலும் புதிதாக வருகிற பிள்ளைக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. உங்கள் மகளுக்கு வகுப்பில் ஒரு கூட்டம், தமிழ் வகுப்பில் வேறொரு கூட்டம் என்று இரண்டு நட்பு வட்டம் அமையும். தமிழ் வகுப்பில் அந்த நிலையின் எல்லா வகுப்புகளிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் சில மாதங்கள் அங்கேதான் அவளுக்கு மூச்சு விட முடியும். வகுப்பில் ஆங்கில உச்சரிப்பு புரியாமல் பேசாமல் இருக்கும் பிள்ளை, தமிழ் வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்லும். ‘இவள் தமிழ் நன்றாகப் பேசுகிறாளே’ என்று மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மதிப்பு அவளுக்கு அந்த நேரத்தில் பெரிய துணை. பார்த்தவரையில், எட்டு ஒன்பது வயதில் வரும் பிள்ளைகள் ஓர் ஆண்டுக்குள் வகுப்பிலும் சகஜமாகிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் அது கடினம். உங்கள் மகள் சரியான வயதில்தான் வருகிறாள்.

இடைவேளை உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நீங்கள் சைவம் என்பதால். பள்ளி உணவகத்தில் பல கடைகள் இருக்கும், ஹலால் கடைகளும் உண்டு. சைவக் கடை எல்லாப் பள்ளியிலும் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். சைவம் என்று எழுதியிருக்கும் சில உணவு வகைகளில் முட்டை இருக்கலாம், குழம்பில் மீன்பொடி கலந்திருக்கலாம். கடை நடத்தும் ‘ஆன்ட்டி’யிடம் பிள்ளையே கேட்கப் பழக வேண்டும். அவர்களும் கேட்டால் எரிச்சல்படாமல் சொல்வார்கள். ஹலால் கடையின் தட்டும் கரண்டியும் தனி, மற்றக் கடைத் தட்டில் கலந்துவிடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். பன்றி இறைச்சி சாப்பிடாத மலாய்த் தோழியும், மாட்டிறைச்சி சாப்பிடாத இந்தியத் தோழனும், சில நாட்களில் மட்டும் சைவம் சாப்பிடும் பௌத்த சீனத் தோழியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறுவார்கள். யாருக்கு எது ஆகாது என்பதை அவர்கள் பெரியவர்களைவிட நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தயிர்சாத டப்பாவைத் திறக்கப் பிள்ளை கூச்சப்பட்டால் திட்டாதீர்கள், கொஞ்ச நாள் இட்லியோ சப்பாத்தியோ கொடுங்கள். கூச்சம் தானாகப் போகும்.

ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964 கலவரம் வெடித்த அதே தேதி. பிள்ளைகள் ஒருவர் மற்றவர் இன உடையில் வருவார்கள். சீனப் பெண் பாவாடை தாவணியிலும், தமிழ்ப் பையன் மலாய் உடையிலும் வருவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து எதையும் எடைபோடாதீர்கள். இனம் என்றால் உடையும் பலகாரமும்தான் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும் ஆபத்து அதில் உண்டு, நல்ல ஆசிரியர்கள் அன்றைக்கு அந்தக் கலவரத்தைப் பற்றியும் வயதுக்கு ஏற்றபடி பேசுவார்கள். தீபாவளிக்கு நாடு முழுதும் விடுமுறை. தைப்பூசம் 1968 வரை பொது விடுமுறையாக இருந்தது, இப்போது இல்லை. பொங்கலுக்கும் விடுமுறை கிடையாது, ஆனால் பல பள்ளிகளில் தமிழாசிரியர்கள் ஜனவரியில் பள்ளி வளாகத்திலேயே பொங்கல் வைத்து மற்ற இனப் பிள்ளைகளையும் அழைப்பார்கள். சீருடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. அரசாங்கப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவிகள் சீருடையோடு தலைத்துணி அணிய அனுமதி இல்லை. 2002இல் அது பெரிய விவாதமாகி, சிறுமிகள் பள்ளியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். அந்த மனவருத்தம் அந்தச் சமூகத்தில் முழுதாக ஆறிவிடவில்லை. திருநீறு, பொட்டு, கைக்கயிறு எல்லாம் பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும், சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கிண்டல் இருக்காதா என்றால், இருக்கும். நிறத்தைப் பற்றி, தலையில் வைக்கும் எண்ணெய் வாசனையைப் பற்றி, ஆங்கிலம் பேசும் விதத்தைப் பற்றி ஏதாவது ஒரு சமயம் ஒரு பிள்ளை ஏதாவது சொல்லும். இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று எண்ணிக்கையில் சொல்ல என்னால் முடியாது. என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு முறையாவது இப்படி ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். உறுதியாகச் சொல்லக்கூடியது, இனத்தை வைத்துப் பேசியதாகப் புகார் வந்தால் பள்ளிகள் அதைச் சாதாரணச் சண்டையாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் மகள் வந்து சொன்னால், ‘பரவாயில்லை விடு’ என்று சமாதானம் சொல்லி மூடிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் நேராகச் சண்டைக்கும் போகாதீர்கள். வகுப்பாசிரியருக்கு என்ன நடந்தது, என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். சொன்ன பிள்ளைக்கும் அது எவ்வளவு வலிக்கும் என்று பெரும்பாலும் தெரிந்திருக்காது, தெரிந்த பிறகு நல்ல தோழியாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் என்று ஒரு வகை உண்டு. 1979இல் பழைய சீன மொழிப் பள்ளிகளின் பண்பாட்டைக் காக்கத் தொடங்கிய திட்டம் அது. அங்கே தாய்மொழிப் பாடம் என்றால் சீனம் மட்டும்தான், அதனால் மலாய், தமிழ்ப் பிள்ளைகள் அங்கே அநேகமாக இருக்க மாட்டார்கள். கலந்து பழக வேண்டும் என்று இவ்வளவு பாடுபடும் நாட்டில், நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வேற்று இனத் தோழர்களே இல்லாமல் வளர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே இதை வெளிப்படையாகவே பலர் பேசுகிறார்கள், அரசாங்கம் அந்தப் பள்ளிகளை மற்றப் பள்ளிகளோடு சேர்ந்து நடவடிக்கைகள் நடத்தச் சொல்கிறது. உங்கள் மகளை இது நேரடியாகப் பாதிக்காது.

இனி தமிழ். இங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அரசாங்கம் பாடநூல் போடுகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது, ஆறாம் நிலை முடிவில் வரும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்குச் சமமான எடை தமிழுக்கும் உண்டு. 2021 முதல் அந்தத் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலை தருகிறார்கள், நான்கையும் கூட்டினால் 4 கிடைப்பது மிகச் சிறந்தது, 32 கடைசி. அந்த நான்கில் ஒன்று தமிழ் என்றால், இந்தியாவில் தமிழ் படித்துக்கொண்டே தமிழில் மதிப்பெண் முக்கியமில்லை என்று வளர்ந்த பிள்ளைக்கு அது புது அனுபவம். நடுவில் வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் தாய்மொழியிலிருந்து விலக்குக் கேட்கலாம். ‘எழுதத் தெரியாதே, விலக்கு வாங்கிவிடலாமா’ என்று பல பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் எப்போதும் என் பதில். விலக்குப் பெற்ற பிள்ளைக்குத் தாய்மொழிக்கு ஒரு மதிப்பீடு கணக்கிட்டுத் தருவார்கள், ஆனால் அது உயர்ந்த நிலையாக இருக்காது. அதைவிட, தினமும் தமிழ்ப் பிள்ளைகளோடு இருக்கும் அந்த ஒரு வேளையை அவள் இழப்பாள். ஹிந்தியை இங்கும் தாய்மொழிப் பாடமாக எடுக்க முடியும். வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றுக்கும் அந்த வழி உண்டு. ஆனால் பல பள்ளிகளில் அவற்றுக்குப் பள்ளிக்கு வெளியே, சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது தேவையில்லாத பாரம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு இருந்தால் எழுத்தைப் பிடிக்க ஓர் ஆண்டு போதும்.

இங்கே தமிழ் கற்பிக்கும் முறையைப் பார்த்துத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். 2005இல் தமிழ் கற்பித்தலை முழுதாக ஆராய ஒரு குழு அமைத்தார்கள். பிள்ளைகள் எழுத்துத்தமிழ் மட்டும் படித்தால் வீட்டிலும் வெளியிலும் பேசப் பயன்படாமல் மொழி புத்தகத்தோடு நின்றுவிடும் என்று கண்டு, பேச்சுத்தமிழையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். வாய்மொழித் தேர்வில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ஆசிரியரோடு உரையாட வேண்டும். ‘அவங்க வந்தாங்க’ என்று இயல்பாகப் பேசலாம், ‘அவர்கள் வந்தார்கள்’ என்று மேடைப்பேச்சு தேவையில்லை. திருக்குறள் குறைவு, இலக்கணம் மேலோட்டம் என்று குறை சொல்லும் பெற்றோர் உண்டு. அந்தக் குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைகள் பாதி வகுப்பில் இருக்கும்போது, முதலில் வாய் திறக்க வைப்பதுதான் வேலை. நன்றாக வருகிறவர்களுக்கு உயர்தமிழ் என்று தனிப்பாடம் இருக்கிறது, உங்கள் மகள் பிற்பாடு அதற்கு முயலலாம்.

எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு உள்ளேயே நடப்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக இருந்தால் வேறு நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அவற்றில் பெரியது உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். தமிழ்வழியில் பாடம் நடத்திய கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது, மறு ஆண்டு அதன் பெயரிலேயே இந்த நிலையம் வந்தது. அந்தப் பள்ளியை யாரும் வலுக்கட்டாயமாக மூடவில்லை. வேலை வாய்ப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிக்கு மாற்றினார்கள், தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் வற்றிப்போனார்கள். 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி என்று ஆனபோது தமிழ்வழிப் பள்ளி ஒன்றுகூட மிச்சம் இல்லை.

உங்கள் இரண்டாவது பயம் நியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான். பள்ளி தமிழைப் பாடமாகத் தருகிறது. பிள்ளைகளின் விளையாட்டு மொழியாக அது இல்லை. தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் தமிழ்ப் பிள்ளைகள் தமக்குள்ளேயே ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இது உறுதியான கணக்கு. இனி சொல்வது கணக்கு அல்ல, என் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை முதல் ஆண்டு தமிழ் வகுப்பில் முன்னால் நிற்கும். இரண்டாம் ஆண்டு தோழிகளோடு ஆங்கிலத்துக்கு மாறும். அதன் பிறகு எப்போதோ, அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கும். பல வீடுகளில் அந்த இடத்தில் அம்மாவும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். பிள்ளைக்கு ஆங்கிலக் கட்டுரை நன்றாக வர வேண்டுமே, வீட்டிலும் பேசினால் நல்லதுதானே என்ற நல்லெண்ணம்தான் காரணம். என் அனுபவத்தில் தமிழ் போவது பள்ளியால் அல்ல, அந்த மாற்றத்தால்தான். ஆங்கிலம் நாள் முழுதும் பள்ளியில் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு உங்கள் துணை தேவையே இல்லை. அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். திட்ட வேண்டாம், திருத்த வேண்டாம், தொடர்ந்தால் போதும். அப்படித் தொடர்ந்த வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலை நாலாம் ஆண்டிலும் என்னிடம் சரளமாகத் தமிழ் பேசினார்கள்.

தமிழ் வகுப்புக்குள்ளேயே ஒரு சிறு உரசலையும் எதிர்பாருங்கள். இங்கே மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும், சமீபத்தில் இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகளும் எப்போதும் ஒட்டிக்கொள்வதில்லை. ‘இந்தியாவிலிருந்து வந்தவங்க’ என்ற பேச்சு சில சமயம் ஒரு மாதிரியான தொனியில் வரும். நம் பக்கத்திலும் தவறு உண்டு. ‘இவங்களுக்குத் தமிழே தெரியலை’ என்று புதிதாக வந்த பெற்றோர் பிள்ளையின் காது கேட்கச் சொல்வதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். இங்கே தமிழுக்கு இந்த இடம் கிடைத்தது அந்தப் பழைய குடும்பங்களின் உழைப்பால். 1935இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வையுங்கள் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. உங்கள் மகளுக்கு அந்த மரியாதையைச் சொல்லிக்கொடுங்கள். அவளுடைய கொங்குப் பேச்சைக் கேட்டு வகுப்பில் யாராவது சிரித்தால், அது பெரும்பாலும் புதிதாகக் கேட்பதன் சிரிப்புதான்.

இனி எந்தப் பள்ளி என்பதற்கு வருகிறேன். நிரந்தரவாசம் இல்லாத வெளிநாட்டுப் பிள்ளை நடுவகுப்பில் அரசாங்கப் பள்ளியில் சேர, கல்வி அமைச்சு நடத்தும் ஏ.இ.ஐ.எஸ். என்ற அனுமதித் தேர்வு வழியாக வர வேண்டும். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தகுதி காட்ட வேண்டும். வழக்கமாகத் தேர்வு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், பள்ளி ஜனவரியில் தொடங்கும். தேறினாலும் எந்தப் பள்ளி என்று நீங்கள் கேட்டு வாங்க முடியாது, வீட்டு முகவரியையும் காலியிடத்தையும் பார்த்து அமைச்சு ஒதுக்கும். ஆறாம் நிலையில் சேர்ப்பதில்லை. இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த ஆண்டை வைத்துத்தான் நிலை, ஒன்பது வயது நிறையும் ஆண்டில் தொடக்கநிலை 3. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான மாதக் கட்டணம் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு அதிகம், அது அவ்வப்போது உயர்கிறது. கட்டணத்தையும் தேர்வுத் தேதியையும் அமைச்சின் இணையப் பக்கத்தில் மட்டும் பாருங்கள், யாராவது சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பாடத்தில் அவளுக்கு முதலில் இடறுவது கணிதமாக இருக்கலாம், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடம், கணக்கு வேகம். இங்கே மூன்று நான்கு வரிக் கதையாகக் கணக்கு வரும், அதைச் செவ்வகப் பட்டைகளாக வரைந்து, எது எதைவிட எவ்வளவு அதிகம் என்று காட்டிப் பிறகு தீர்க்க வேண்டும். 1980களிலிருந்து இங்கே கற்பிக்கும் முறை அது. விடை சரியாக வந்தாலும் வழி காட்டாவிட்டால் மதிப்பெண் குறையும். வருவதற்கு முன்பே அந்தப் பட்டைக் கணக்குகளைப் பழக்குங்கள், அனுமதித் தேர்வுக்கும் அதுவே உதவும். தொடக்கநிலை 1, 2-இல் தேர்வுகள் இல்லை, அரையாண்டுத் தேர்வுகளை எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டார்கள், 2024 முதல் உயர்நிலை 1-இல், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த பழைய பிரிவுகளையும் எடுத்துவிட்டுப் பாடத்துக்குப் பாடம் பிள்ளையின் திறனுக்கேற்ற நிலையில் படிக்க விடுகிறார்கள். இருந்தாலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் அழுத்தம் உண்மையானது. 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் துணைப்பாட (டியூஷன்) வகுப்புகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து முதல் மாதமே மூன்று வகுப்பில் சேர்க்காதீர்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் தேவைப்படலாம்.

நீங்கள் இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடுவீர்கள் என்றால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியே வசதி. அங்கே போய் இங்கே வந்து என்று பாடத்திட்டம் மாறுவது ஒன்பது பத்து வயதில் தாங்கிக்கொள்ளலாம், பதின்மூன்றில் கடினம். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தியக் குடும்பங்களிலிருந்து வருவார்கள் என்பதால் ஒதுங்கிப்போகும் பயம் இருக்காது, ஆனால் இந்த நாட்டுப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பும் குறைவு. தமிழ் கிடைக்குமா, எத்தனை வகுப்பு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பெற்றோர் சொல்லக் கேட்டவரை பள்ளிக்குப் பள்ளி அது மாறுகிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கப்போகிறீர்கள், தேர்விலும் தேறிவிட்டாள் என்றால், நான் அரசாங்கப் பள்ளியைத்தான் சொல்வேன். சீன, மலாய்த் தோழிகளோடு வளர்வது அவளுக்கு எந்தப் பாடமும் தராத ஒன்றைத் தரும். முறையான தமிழும் கிடைக்கும். உங்கள் இரண்டு பயத்துக்கும் அதுவே நல்ல மருந்து என்று உண்மையாகவே நம்புகிறேன்.

வருவதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. தினமும் அரைமணி நேரம் தமிழில் ஏதாவது படிக்க வையுங்கள், பாடநூல் வேண்டாம், அவளுக்குப் பிடித்த கதைப்புத்தகமே போதும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மாறி மாறிப் படியுங்கள். வந்த பிறகு தேசிய நூலகக் கிளைகளில் தமிழ்ச் சிறார் புத்தகங்கள் கிடைக்கும், வெளிநாட்டவருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. வசந்தம் என்ற தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழியும் ஒலி 96.8 வானொலியும் இருக்கின்றன, காரிலோ சமையலறையிலோ ஓடட்டும், இங்குள்ள தமிழ் அவள் காதுக்குப் பழகும். ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கம் தமிழ்மொழி விழா நடத்தும், பிள்ளைகளுக்கான போட்டிகளும் அதில் இருக்கும். பள்ளி ஒதுக்கப்பட்டதும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு இந்த மூன்றைக் கேளுங்கள்: தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா அல்லது வேறு நிலையத்துக்குப் போக வேண்டுமா, உணவகத்தில் முட்டையில்லாத சைவம் உண்டா, பள்ளி ஒன்றரை மணி வாக்கில் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ள மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் இருக்கிறதா. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மூன்றாவதை முதலில் கேளுங்கள், அந்த இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.